முத்திரையில் சூரியன்

ரயில்வே போலீஸ்காரர்களில் ஒருவராவது காகிதத்தை மடிக்காமல் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. விண்ணப்பத்தின் தலையிலேயே ‘மடிக்க வேண்டாம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது. அதையும் சேர்த்து நாலாக மடித்து, கால்சட்டையின் பின்பையில் செருகி, அதன் மேல் இருநூறு மைல் உட்கார்ந்துகொண்டு வருவார்கள். வந்து என் மேசைமேல் வைத்து உள்ளங்கையால் நீவி விடுவார்கள். காகிதம் சூடாக இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சூட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்டது தேதிகளைத்தான். கர்டிஸ் ஷூமேட்டின் கோப்பு ஒன்பது வாரம் என் மேசையில் ஏன் கிடந்தது என்பதுதான் உங்கள் கேள்வி. சொல்கிறேன். உங்களுக்கு முன்னால் விசாரிக்க வந்த இருவரும் அவசரப்பட்டார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்படிப்பட்டவரிடம் நான் எதைச் சொல்வது.

முதலில் என் வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். ரயில்வே போலீஸ்காரன் அரசாங்க ஆள் இல்லை. ரயில் கம்பெனியின் சம்பளக்காரன். ஆனால் இடுப்பில் துப்பாக்கி, நெஞ்சில் பேட்ஜ், ஆளைப் பிடித்து விலங்கு மாட்டும் அதிகாரம். அந்த அதிகாரத்தைக் கம்பெனி கொடுக்க முடியாது, மாநிலம்தான் கொடுக்க வேண்டும். வெளிமாநிலத்தில் தகுதி பெற்றவன் இங்கே நிரந்தரமாக மாற்றலாகி வந்தால் எங்கள் அலுவலகத்தின் சான்று வேண்டும். அதாவது என் சான்று. ஆர்லன் வாசெக் முத்திரை குத்தும்வரை அவன் தண்டவாளத்தின் ஓரமாக நடக்கிற ஒரு ஆள், அவ்வளவுதான்.

இது அவர்களுக்குப் பிடிப்பதில்லை. எல்லோருக்கும் ஒரே பந்தா. “அந்தப் பக்கம் பதினைஞ்சு வருஷம் சர்வீஸ் சார்” என்பார்கள், ஏதோ மிசூரி ஆற்றை நீந்திக் கடந்து வந்தவர்கள் மாதிரி. பதினைந்து வருஷம் சரக்குப் பெட்டிக்குப் பின்னால் காபி குடித்ததெல்லாம் எனக்கு அனுபவம் ஆகாது. எனக்கு வேண்டியது மூன்று. விரல்ரேகை, கம்பெனியின் கடிதம், சொந்த மாநிலத்துச் சான்றின் அத்தாட்சி பெற்ற நகல். அந்த நகலில் அந்த மாநிலத்தின் முத்திரை மேடாக எழும்பியிருக்க வேண்டும். மை முத்திரை செல்லாது. கட்டைவிரலை வைத்துத் தடவுவேன். மேடு தட்டினால் சரி. தட்டாவிட்டால் கோப்பு திரும்பிப் போகும். யார் வேண்டுமானாலும் மையில் முத்திரை அடித்துவிடலாம், மேட்டை உண்டாக்கத் தாளை அழுத்துகிற அச்சுப்பொறி வேண்டும். எளிமையான விதி. ஆனாலும் வருஷத்துக்குப் பத்துப் பேராவது அதைப் புரிந்துகொள்ளாமல் என்னிடம் கத்துவார்கள்.

ஷூமேட் கத்தவில்லை. அதுதான் அவனிடம் இருந்த கோளாறு. அவன் சிரிப்பவன்.

செப்டம்பர் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம், பல்லிடுக்கில் குச்சி. கோல்வர்ட் யார்டுக்கு மாற்றல் என்றான். கோல்வர்ட் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆற்றின் இந்தப் பக்கம், கன்டெய்னர் ரயில்கள் காத்து நிற்கிற இடம். அந்த வருஷம் அங்கே திருட்டு அதிகம். பிரேக்குக்குக் காற்றுப் போகிற குழாயை அறுப்பார்கள், வண்டி நின்றுவிடும். பூட்டு வெட்டுகிற நீளக் கத்தரியோடு நாலைந்து பேர் ஏறிப் பெட்டிகளைத் திறப்பார்கள். இதெல்லாம் கம்பெனியின் கடிதத்திலேயே எழுதியிருந்தது. எங்கள் சான்று வரும்வரை ஷூமேட் துப்பாக்கி இல்லாமல், அதிகாரம் இல்லாமல், வெறும் காவலாளியாக அங்கே நிறுத்தப்படுவான், ஆகவே விரைந்து ஆவன செய்யவும் என்றும் எழுதியிருந்தது. கம்பெனியின் வக்கீல்கள் பயந்தாங்கொள்ளிகள். கடிதத்தைப் படித்தேன். முழுவதும் படித்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவனை வரவேற்பறையில் காத்திருக்கச் சொன்னேன். அங்கே சுவரில் ஒரு மாதிரிச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தோம். பதினோரு வருஷத்துக்கு முன் நானே முத்திரை குத்தியது. எங்கள் முத்திரையில் ஒரு ஏர், ஒரு ரயில் எஞ்சின், மேலே உதிக்கிற சூரியன். ஷூமேட் அதன் முன்னால் போய்த் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

“சார், உங்க ஊர்ல சூரியன் தரைக்கு அடியிலயா உதிக்குது? எஞ்சின் வேற சக்கரத்தை மேல தூக்கிட்டுப் படுத்திருக்கு. தடம் புரண்டிருச்சு போல, சொல்லுங்க, நான் போய் ரிப்போர்ட் எழுதுறேன்.”

முன்மேசையில் இருக்கும் கார்லா எழுந்து போய்ப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் காபி மூக்கு வழியாக வந்தது. முத்திரை தலைகீழாக இருந்தது. பதினோரு வருஷம் நூற்றுக்கணக்கானோர் அதன் கீழே உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார்கள். ஒரு முட்டாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சத்தம் கேட்டு இயக்குநர் டெனீஸ் வெளியே வந்தார்.

“ஆர்லன், இது நீங்க குத்தினதா?”

“அச்சைக் கழட்டித் துடைச்சு மாட்டினப்போ மாறியிருக்கும்.”

“அப்போ அந்த வருஷம் குத்தினது எல்லாமே?”

எல்லாமேதான். அந்த வருஷத்துச் சான்றுகள் நாற்பத்தொன்றையும் திருப்பி வாங்கும்படி டெனீஸ் உத்தரவு போட்டார். நாற்பத்தொரு பேருக்கும் நானே கடிதம் எழுதினேன். ‘எங்கள் தவறு காரணமாக’ என்ற வரிக்குக் கீழே நாற்பத்தொரு முறை கையெழுத்திட்டு அனுப்பினேன். தேவையே இல்லாத வேலை. தலைகீழாக இருந்தாலும் முத்திரை முத்திரைதான். ஆனால் டெனீஸுக்கு அலட்டல் பிடிக்கும்.

மறுநாள் காலை என் மேசையில் இருந்த பெயர்ப்பலகை தலைகீழாக இருந்தது. நேராக்கினேன். அதற்கடுத்த நாளும் தலைகீழ். புதன்கிழமைகளில் கீழே கேன்டீனில் சில்லி குழம்பும் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோலும் போடுவார்கள். தட்டை நீட்டினால் பரிமாறுகிறவன் கேட்கிறான், “ஆர்லன், உங்களுக்கு ரோலைக் கவுத்து வெக்கவா?” வரிசையே சிரிக்கிறது. நான் கோபப்படவில்லை. கோபப்படுகிற ஆளில்லை நான். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை கழிந்து திங்களன்று ஷூமேட்டுக்கு எழுதினேன். தாங்கள் அளித்த நகலில் முத்திரை மேடாக இல்லை, புதிய நகல் தேவை. டெனீஸ் கேட்டபோது கோப்பைக் காட்டினேன். அவரும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். தட்டை. “அந்தப் பக்கத்து ஆபீஸ்ல மெஷின் தேஞ்சு போச்சோ என்னமோ” என்றார். இருக்கலாம் என்றேன்.

ஷூமேட் ஒரு நாள் விடுப்பு எடுத்து, மூன்று மணி நேரம் வண்டியோட்டி அவர்கள் தலைநகருக்குப் போய்ப் புது நகல் வாங்கி, செப்டம்பர் கடைசியில் நேரிலேயே வந்தான். கையில் ஒரு அட்டைப் பெட்டி. அதில் கோலாச், செக்காரர்களின் இனிப்பு ரொட்டி, கசகசாவும் கொடிமுந்திரியும் வைத்துச் சுட்டது. என் பெயரை வைத்து நான் செக் வம்சம் என்று ஊகித்திருக்கிறான்.

“என் பொண்டாட்டி ஜோலின் சுட்டது சார். அவங்க பாட்டி வழி உங்க ஆளுங்கதான். அன்னிக்கு நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். மனசுல வெச்சுக்காதீங்க.”

“எதை?” என்றேன்.

குச்சியை வாயின் மறு பக்கத்துக்குத் தள்ளினான். பிறகு நகலை நீட்டினான். இந்த முறை மடிக்கவில்லை. இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்திருந்தான்.

“அங்க இருந்த பொண்ணை ரெண்டு தடவை அழுத்தி குத்தச் சொன்னேன் சார். கண்ணு தெரியாதவங்ககூடப் படிச்சிரலாம். தடவிப் பாருங்களேன்.”

“வரிசைப்படி பாப்பேன்.”

“ரெண்டு செகண்டு சார்.”

“உங்களுக்கு முன்னாடி ஆறு பேர் இருக்காங்க, மிஸ்டர் ஷூமேட்.”

போய்விட்டான். போகும்போது கார்லாவிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் போனான். அவன் வரும் நாளெல்லாம் அலுவலகமே கல்யாண வீடாகிவிடும். நான் கோலாச் இரண்டு சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து இரண்டாவது கடிதம் அனுப்பினேன். முத்திரை மேடாக இல்லை. டெனீஸ் இந்த முறை அந்தப் பக்கத்து அலுவலகத்துக்குப் போன் போட்டார். எங்கள் அச்சுப்பொறி நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னார்களாம். வேறென்ன சொல்வார்கள் என்று கேட்டேன். ஆறு வருஷம் இயக்குநராக இருக்கிறார், ஒரு முத்திரையை நிமிர்ந்து பார்த்ததில்லை. விரலை வைத்துத் தடவிவிட்டு நான் சொன்னதற்குத் தலையாட்டினார்.

அக்டோபர் கடைசியில் ஷூமேட்டின் மனைவி போன் செய்தாள். அதை என் குறிப்பேட்டிலேயே நீங்கள் பார்த்திருப்பீர்கள். யாருடைய அழைப்பையும் நான் பதியாமல் விட்டதில்லை.

“வாசெக் சார்தானே? நான் ஜோலின் ஷூமேட். உங்களுக்குத் தொந்தரவு குடுக்குறதுக்கு மன்னிக்கணும். அவரு கையில வெறும் டார்ச் லைட்டும் ரேடியோவும்தான் சார் இருக்கு. அவனுங்க அஞ்சாறு பேரு வர்றானுங்க.”

“அது கம்பெனிகிட்ட பேச வேண்டிய விஷயம் மேடம்.”

“பேசிட்டேன். உங்க கையெழுத்து வரட்டும்னு சொல்றாங்க. போன வாரம் ஒருத்தன் கல்லை எடுத்து அடிச்சிருக்கான், தோள் பட்டை நீலமா வீங்கியிருக்கு. சட்டையை நான்தான் மாட்டி விடுறேன். இவரு அதையும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு. எனக்குச் சிரிப்பு வரல சார்.”

“முத்திரை மேடா இருந்தா அன்னிக்கே குடுத்துருவேன்.”

“நான் தொட்டுப் பாத்தேனே சார். ரெண்டாவதை நான்தான் அட்டைக்குள்ள வெச்சேன். நல்லா தட்டுச்சே.”

“உங்க விரலுக்குத் தட்டியிருக்கலாம் மேடம். சட்டப்படி என் விரலுக்குத்தான் தட்டணும்.”

அவள் சமையலறையில் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு, “இன்னொண்ணு அனுப்பறோம். ரிஜிஸ்டர் தபால்ல” என்றாள். “அப்படியே செய்யுங்க” என்றேன். மரியாதையாகத்தான் பேசினேன். தகவல் தெரியாமல் போய்விட்டது என்று நான் இப்போது சொல்லப் போவதில்லை. தோள்பட்டை வரை எனக்குத் தெரியும்.

மூன்றாவது நகல் நவம்பர் இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை வந்தது. உறையைப் பிரித்து, கட்டைவிரலை வைத்தேன். மேடு. இதைத்தான் நீங்கள் கவனமாக எழுத வேண்டும். அன்றைக்கு அது மேடாகவே இருந்தது, சரியாகவே இருந்தது. அதற்குச் சான்று எழுத எனக்குப் பத்து நிமிஷம் போதும். எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் ஷூமேட்டுக்குப் போதுமான அளவு புரிந்திருக்கும் என்று நினைத்தேன். புதன்கிழமை எழுதிவிடலாம்.

புதன்கிழமை காலை வந்து பார்த்தால் பெயர்ப்பலகை மறுபடி தலைகீழ். மூன்று வாரமாக யாரும் அதைத் தொடாமல் இருந்தார்கள். மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். கார்லா தட்டச்சு செய்கிற பாவனையில் தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். நான் பலகையை நேராக வைத்தேன். கோப்பை இழுப்பறைக்குள் வைத்தேன். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்குக் கோல்வர்ட் யார்டுக்கு வெளியே ஒரு கன்டெய்னர் வண்டி நின்றது. குழாயை அறுத்திருந்தார்கள். வண்டியின் கார்டு ஒரு பெண், தனியாக இறங்கி அறுபட்ட இடத்தைத் தேடி நடந்துகொண்டிருந்தாள். ஷூமேட்டுக்குக் கம்பெனி உத்தரவு தெளிவாக இருந்தது. தூரத்தில் நின்று பார், ரேடியோவில் சொல், கிட்டே போகாதே. அவன் ரேடியோவில் சொன்னான். பிறகு கிட்டே போனான். அந்தப் பெண் தனியாக இருக்கிறாளாம். உத்தரவைப் படிக்காதவர்கள், படித்தும் மதிக்காதவர்கள், நான் ஆரம்பத்திலேயே சொன்னேனே.

அந்தக் கார்டு பெண் கொடுத்த வாக்குமூலத்தைச் செய்தித்தாளில் படித்தேன். அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு அவர்களைப் போகச் சொல்லியிருக்கிறான். கையில் கத்தரி வைத்திருந்தவன் டார்ச் வெளிச்சத்தில் இவன் இடுப்பைப் பார்த்திருக்கிறான்.

“நீ போலீஸா?”

“இன்னும் இல்ல. பேப்பர் வரணும்.”

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவன் ஓடியிருப்பான் என்று அந்தப் பெண் சொல்கிறாள். இவன் அங்கேயும் போய் விளையாடியிருக்கிறான். கத்தரியின் இரும்புப் பிடி ஒரு தடவை தலையில் விழுந்தது. அந்தப் பெண் ஓடித் தப்பித்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்குச் செய்தி வந்தது. கார்லா கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டெனீஸ் என் மேசைக்கு வந்தார். அழுது முகமெல்லாம் சிவந்திருந்தது.

“ஆர்லன், மூணாவது பேப்பர் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“அதுவும் தட்டைதானே? ப்ளீஸ், தட்டைன்னு சொல்லுங்க.”

“மதியம் கொண்டு வந்து காட்டுறேன்.”

அவருக்கு என்ன வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார். என் வீடு அலுவலகத்திலிருந்து ஏழு நிமிஷ நடை. மதிய இடைவேளையில் கோப்போடு போனேன். இஸ்திரிப் பெட்டியைப் பருத்தித் துணிக்கான சூட்டில் வைத்தேன். கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து முத்திரையின் மேல் விரித்தேன். அழுத்தித் தேய்க்கக் கூடாது, தாள் பழுப்பாகிவிடும். பெட்டியின் கனத்தைப் பத்து எண்ணும்வரை மேலே நிறுத்தினால் போதும். பிறகு காகிதத்தைத் திருப்பிப் போட்டு இன்னொரு பத்து. முதல் இரண்டையும் ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டைகளோடு சேர்த்துத் தேய்த்தேன், அவசரம் இல்லாமல். இதை மட்டும்தான் அவசரமாகச் செய்ய வேண்டியிருந்தது. அதனால்தான் கைக்குட்டையின் நெசவு தாளில் பதிந்துவிட்டது, உங்கள் ஆய்வுக்கூடத்துக்காரர்களும் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்களைப் பாராட்ட இதில் ஒன்றுமில்லை. நிதானமாகச் செய்திருந்தால் அகப்பட்டிருக்காது.

இறந்துபோனவனின் காகிதத்தை எதற்குத் தேய்த்தாய் என்று கேட்கப் போகிறீர்கள். கோப்பு என்றால் முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை ஒரே மாதிரி இருக்க வேண்டும். இரண்டு தட்டை, ஒன்று மேடு என்றால் பார்க்கிறவர்களுக்குக் குழப்பம்.

டெனீஸ் தடவிப் பார்த்தார். தட்டை. அழுகையை நிறுத்திவிட்டார். “நல்ல வேளை” என்றார். அந்த வார்த்தையையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிஷத்தில் அவருக்குத் தாராள மனசு வந்துவிட்டது. முத்திரை எப்படி இருந்தால் என்ன, ஷூமேட்டின் சான்றை எழுதிவிடுங்கள், அடக்கத்தன்று அவர் மனைவியிடம் கொடுத்துவிடுவோம் என்றார். விதிப்படி அது செல்லாது. செத்தவனுக்கு அதிகாரம் கொடுக்க விதியில் இடமில்லை. ஆனாலும் எழுதினேன்.

நல்ல தாளாக எடுத்தேன். அச்சைக் கழற்றித் துடைத்து, மாட்டி, வெற்றுத் தாளில் மூன்று முறை குத்திப் பார்த்தேன். பிறகு சான்றில் வைத்து நெம்புகோலை இரண்டு கையாலும் அழுத்தினேன். என் இருபத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு அழகாக ஒரு முத்திரை விழுந்ததில்லை. எஞ்சினின் சக்கரத்தில் கம்பிகளை எண்ணலாம்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழறையில் பன்றியிறைச்சி சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு கேசரோலும் வைத்திருந்தார்கள். டெனீஸ் நாலு வார்த்தை பேசிவிட்டு என்னைக் கொடுக்கச் சொன்னார். ஜோலின் ஷூமேட் இரண்டு கையாலும் வாங்கினாள். பெயரைப் படிக்கவில்லை. நேராகக் கட்டைவிரலை முத்திரையின் மேல் வைத்துத் தடவினாள். ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தாள்.

“இது நல்லா தட்டுது சார்” என்றாள்.

“ஆமாம் மேடம்” என்றேன்.

அவனைக் கொன்றது நான்தான், அதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதற்கு முன் ஒரு தடவை அந்த அம்மா வீட்டுக்குப் போய் அந்தச் சான்றைப் பாருங்கள். கூடத்தில் மாட்டியிருப்பாள். சூரியன் மேலே இருக்கிறது. இனி யாரும் சிரிக்க முடியாது.